பெனிட்டாவின் பங்கு

"முழங்காலத் தூக்குல ஜெபா! தேரா இழுக்க?"

ஆழமான நீரில் நிமிர்ந்து ஓடியபடியே வடிவு அக்கா கத்தினாள். இந்த ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடாது. இடுப்பில் கட்டிய மிதவைக் கச்சை உடலைத் தாங்கும். அதனால்தான் மூட்டு தேய்ந்தவர்களை எல்லாம் தூத்துக்குடி பகிர்நீர்க் குளத்துக்கு அனுப்பினார்கள்.

பகிர்நீர் கச்சைகளை எண்ணும். எத்தனை கச்சை மிதக்கிறதோ அத்தனை பேருக்கான பாரத்தைத் தரும். ஒருவர் களைத்தால் அவர் பங்கை மற்றவர்களின் கால்களில் ஏற்றிவிடும்.

முதலில் வருபவர் எல்லாருடைய கச்சையையும் தண்ணீரில் போட்டுவைப்பது இந்தக் குழுவின் வழக்கம். மாசியில் இறந்துபோன பெனிட்டாவின் கச்சையும் தினம் தண்ணீருக்கு வந்தது. ஜெபா அவளுடைய கணவன். அவனுக்கு மூட்டில் ஒன்றுமில்லை. அவளுக்குத் துணையாக வந்து சேர்ந்தவன்.

கூட ஓடிக்கொண்டிருந்த ரஹ்மத்துல்லா பாய் திடீரென்று கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"பாய், என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல தம்பி. நாலு பேர் ஓட்டத்த மூணு பேர் ஓடணும்லா."

ஜெபா ஆளில்லாமல் மிதந்த கச்சையைப் பார்த்தான்.

"இத்தன நாளா எனக்காகவா இதச் சுமந்தீங்க?"

"பின்ன?" என்றாள் அக்கா. "அதப் பார்த்தாத்தான நீ தண்ணியில இறங்குத."

"நான் உங்களுக்காகல்லா வாரேன். வராட்டா என் கச்சையையும் போட்டு, அதையும் சுமப்பீங்க."

"கிறுக்குப்பயலே," என்றாள் அக்கா.

பாய்க்கு இன்னும் மூச்சு வாங்கியது. ஜெபா நீந்திப் போய்ப் பெனிட்டாவின் கச்சையை எடுத்துக் கரையில் வைத்தான்.

பாரம் சட்டென்று விலகியது. மூவரும் ஓடத் தொடங்கியதும் அம்பாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதினார்கள். பாய் சிரித்தே விட்டார். அத்தனை மாதம் அவளைச் சுமந்ததில் கால்கள் அப்படித் தேறியிருந்தன.

குளத்தின் குரல் கேட்டது. "மூட்டுகள் குணமாகிவிட்டன. நாளை முதல் நீங்கள் தரையில் ஓடலாம். இடம் அடுத்த குழுவுக்கு."

யாரும் சந்தோஷப்படவில்லை.

மறுநாள் காலை மூவரும் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள்.

"பாய், இப்பத்தான வலது கால்ல நொண்டினீரு?"

"ரெண்டும்தாம்மா வலிக்கி."

வாசலில் இருந்த வலிநோக்கி என்ற கருவி கால்களைப் பார்க்கவில்லை. அது நரம்புகளைப் படிக்கும். எங்கே வலி என்று சொல்லாது. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். அக்காவுக்கு, "வலி இல்லை." பாய்க்கும் அதேதான்.

ஜெபாவுக்கு, "வலி உண்மை. உள்ளே வரலாம்." கதவு திறந்தது.

"ஏல, பாஸாயிட்டியே!" அக்கா கைதட்டினாள். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். "போ. நாங்க இங்கனயே டீ குடிச்சிட்டு இருக்கோம்."

அவன் தனியாக இறங்கி ஓடினான். தண்ணீர் அவனுடைய பங்கை மட்டும் கேட்டது.

கால்களுக்கு அது போதவில்லை.