அலமாரிக்குள் ஒரு வோகோடர்

விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் அந்தக் குரல் ஒரு மூச்சு அதிகமாக இழுத்தது.

வோகோடர் அப்படிச் செய்யக்கூடாது. மைக்கில் பாட வேண்டும், திரையில் விசையை அழுத்த வேண்டும். பாடுகிறவனின் சொல்லை எடுத்து சிந்தசைசரின் சுரத்தில் ஊற்றிக் கொடுக்கும். இரண்டில் ஒன்று நின்றாலும் வாயை மூடிக்கொள்ளும். அந்த வீட்டில் அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது.

செல்போனில் இசையமைக்கிற நல்ல செயலிகளுக்கெல்லாம் விலை இருந்தது. அவனிடம் காசு இல்லை, அண்ணன்தான் இருந்தான்.

"சாயங்காலத்துக்குள்ள அந்த விளம்பரப் பாட்டு போகலேன்னா, நாளைக்கு நீ குடோன்ல மூட்டை தூக்கப் போற. சொல்லிட்டேன்."

ஆகவே தேடித் தேடி, விளம்பரம்கூட வராத இந்த இலவசச் செயலியை இறக்கினான். அது கேட்ட அனுமதிகளுக்கெல்லாம் 'சரி' போட்டான். யார் படிக்கிறார்கள்? விமர்சனம் ஒன்றே ஒன்று இருந்தது: 'என் குரல் இப்போது நன்றாக இருக்கிறது.'

ஸ்டுடியோ என்பது அண்ணனின் துணி அலமாரி. தொங்கும் சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் அண்ணி வெளியே தாழ்ப்பாள் போடுவாள், கூப்பிட்டால் திறப்பாள். கூப்பிடாமலும் திறப்பாள், சரணம் உச்சத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து.

இருட்டில் அந்துருண்டையின் நெடியும், இஸ்திரி போட்ட காலர்களின் சூட்டு வாசமும், துவைக்காமல் மாட்டிய ஒரு சட்டையின் வியர்வைப் புளிப்பும் முகத்தில் உரச, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வெளியே குழாய் சொட்டியது, அண்ணி பாத்திரம் தேய்த்தாள், இயர்போனுக்குள்ளோ யாரோ அவனைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விட்டார்கள்.

அவன் இன்னும் விடவில்லை.

இயர்போனைப் பிடுங்கினான். போனிலிருந்தே பாட்டு வந்தது. அவன் எழுதிய வரிகள். அவன் குரல். சுருதி மட்டும் பிசகவில்லை.

"தம்பி!" கதவுக்கு அப்பால் அண்ணி. "நீங்களா பாடுறீங்க? நம்பவே முடியலியே!"

'அண்ணி, திறங்க!' என்று கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சொல்லைப் போன் வாங்கிக்கொண்டு, நான்கு குரல்களாகப் பிரித்து, இனிமையாக இழுத்தது.

கதவை உதைத்தான். தாளத்தில் விழுந்தது.

"அடேயப்பா, ட்ரம்ஸ் வேறயா!"

மறுபடி உதைத்தான். அதுவும்.

வாசலில் செருப்புச் சத்தம். "என்னங்க, மெதுவா வாங்க. தம்பி பாடுறார்."

அண்ணன் நின்றான். தம்பியின் பாட்டுக்காக அந்த வீடு வாயை மூடியது அதுவே முதல் முறை.

"இவ்வளவு நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தான் இவன்?"

"திறக்கட்டுமா? மத்தியானம் சாப்பிடக்கூட இல்ல."

"கெடுத்துடாத. பாடட்டும்."

கைநழுவிய போன் காலடியில் ஒளிர்ந்தது. 'பாட்டு அனுப்பப்பட்டது' என்றது திரை. அவன் அனுப்பவில்லை.

யாரும் தொடாத விசை ஒன்று அழுந்தியது.

அவன் வாய் திறந்தது.

அடுத்த விசை. இன்னும் அகலமாக. தாடை எலும்பு நெரிந்தது.

வெளியே, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், அண்ணன் விரல்களால் கதவில் தாளம் போடத் தொடங்கினான்.