பச்சைப் புள்ளி

டேபிள் ஃபேன் நின்றுபோயிருந்தது. ஆனால் ஹாலில் மவுஸ் நகரும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அருள்மொழி கட்டிலில் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டான். மழை வந்தால் மாங்காட்டில் கரண்ட் போவது ஒன்றும் புதிதல்ல. மத்தியானம் சாப்பிட்ட பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று, தலையாட்டும் ஃபேனின் கூண்டில் நூலைக் கட்டி, மறுமுனையில் மவுஸைக் கட்டிவிட்டு வந்து படுத்திருந்தான். மவுஸ் அசைந்துகொண்டிருந்தால் ஆபீஸ் சாட்டில் அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஆள் வேலையில் இருக்கிறான் என்று மேனேஜர் ஸ்ரீகாந்த் நம்புவார். டீமில் பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு தில்லாலங்கடி வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டவர்களிடம் மாட்டிக்கொண்டு வேறு எப்படித்தான் தூங்குவது?

நாளைக்கு பவ்யாவுக்கு வளைகாப்பு, திருமழிசையில் அவள் அம்மா வீட்டில். கல்யாணத்துக்கு மறுநாளே லேப்டாப்பைத் திறந்தவன், இதற்காவது முழு நாளும் கூடவே இருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தான். லீவுக்கு ஸ்ரீகாந்த் மூக்கால் அழுதுதான் சம்மதித்தார்.

எழுந்தான். மழை ஈரமும், கீழ் வீட்டு வெந்தயக் குழம்பின் வாசனையும், பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீரின் பாசி நாற்றமும் ஜன்னல் வழியே ஒன்றாக வந்து சாயங்கால இருட்டில் தங்கியிருக்க, சுவரைத் தடவிக்கொண்டே ஹாலுக்கு வந்தான். நூல் தொய்ந்து கிடந்தது. மவுஸ் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

பேட்டரியில் எரிந்துகொண்டிருந்த லேப்டாப் திரையில் ஸ்ரீகாந்தின் கேள்வி: 'அருள், நாளைக்கு லீவு வேணாமே? ரிலீஸைத் தள்ள முடியாது.'

அதன் கீழே அவன் பேரில் பதில்: 'கண்டிப்பா சார். ஃபேமிலி ஃபங்ஷன்தான், பரவாயில்லை.'

அந்தப் 'பரவாயில்லை' அவனுடையதேதான். இத்தனை வருஷமாக அவன் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். நின்றபடியே குனிந்து, 'முடியாது சார்' என்று தட்டினான். எழுத்துகள் விழுந்த வேகத்திலேயே அழிந்தன. மறுபடி தட்டினான். அழிந்தன. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டான்.

"சார், நாளைக்கு என்னால..."

"அருள்? ஒண்ணுமே கேக்கல. இப்ப வீடியோல பேசினப்போ நல்லாத்தானே இருந்துச்சு? சாட்லயே சொல்லுங்க. ஆனா ஒண்ணு, ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் ஃப்ரெஷ்ஷா இருந்தீங்க."

போன் கட்டானது. திரும்பினான்.

நாற்காலியில் ஆள் இருந்தது.

அவன் சட்டை. அவன் கூன் முதுகு. மவுஸின் மேல் அவன் கை.

வாசல் கதவு திறந்தது. பவ்யா. கடைப் பையும் நனைந்த குடையுமாக நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பவ்யா!" என்று கத்தினான். குரல் வரவில்லை. வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. அவள் அவனைத் தாண்டி நாற்காலியிடம் போனாள்.

"இன்னா இது, இருட்டுல ஒக்காந்துகினு கீறே? காலையிலேர்ந்து உதைச்சிகினே கீறான் உன் புள்ள. கைய குடு."

அதன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

அருள்மொழி பாயப் பார்த்தான். கால் நகரவில்லை.

"அட, தொட்டதும் அடங்கிட்டான் பாரு."

சிரித்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. வயிற்றைத் தானும் தடவினாள். ஒரு பக்கம். மறு பக்கம்.

"டேய் கண்ணு... இன்னாடா?"

நாற்காலியில் இருந்தது முதல்முறையாக முகத்தைத் திருப்பி அருள்மொழியைப் பார்த்தது. அவன் முகம்தான். ஸ்ரீகாந்துக்குக் காட்டும் அதே பணிவான சிரிப்பு.

கையை மட்டும் எடுக்கவில்லை.