ஆற்றோடு வந்த பூசணிக்காய்

“அது என் காய்!”

அகப்பையும் கையுமாகத் திரும்பினான் பாக்கியசீலன். வேலிப் படலுக்கு அப்பால் ஒரு பெண்... மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். இமையிலே நீர்த்துளி, கண்ணிலே நெருப்பு. இரண்டும் ஒரே முகத்தில் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே நின்றதில், தாழ்வாரத்து அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

“எந்தக் காய்?”

“தெரியாத மாதிரி கேக்கீரே! ஆட்டுக்குப் போட்டிருக்கீரே, அந்தத் தோலைப் பாரும். சிலுவை தெரியுதா? பிஞ்சுல நான் முள்ளால கீறுனது. கோயிலுக்கு நேந்த காய்!”

பாக்கியசீலன் அகப்பையைக் கீழே இறக்கினான்.

தோட்டம் வைத்திருக்கிற வேதக்காரர் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தைமாதத்து அறுப்புப் பண்டிகைக்கென்று நேர்ந்துகொண்ட காயைப் பிஞ்சிலேயே சிலுவை கீறி விடுவார்கள். காயோடு சேர்ந்து கீறலும் வளரும். அப்புறம் வீட்டில் யாரும் அதைக் குழம்புக்குப் பறிக்கமாட்டார்கள். ஆனால் தாமிரபரணிக்கு அது தெரியுமா? ஆனிச் சாரலில் முந்தாநாள் பெருகி வந்து, கரையோரத் தோட்டத்திலிருந்து கொடியோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

“ஆத்துல குளிக்கையில மிதந்து வந்துது...” என்றான் மெதுவாக. “சிலுவையை நானும் பாத்தேன் பிள்ளே. புது ஊர்ல தனியாப் பொங்கித் திங்கவனுக்கு, ஆண்டவரே அடையாளம் போட்டு அனுப்பியிருக்காருன்னு நெனச்சிட்டேன். ஜெபம் பண்ணித்தான் அறுத்தேன்.”

வேலிக்கு அப்பால் நின்ற ஜெபகனிக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். சிரித்துவிட்டால் கோபத்துக்கு மரியாதை என்ன ஆவது?

“பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த வாத்தியாரு நீருதானா? நல்லா இருக்கு...”

“என்னத்துக்கு நேந்த காய்?”

சட்டென்று அவள் முகம் சிவந்தது. “அது உமக்கு எதுக்கு?”

சொல்லக்கூடிய வேண்டுதலா அது! அவளுக்குக் கொழும்பில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பதைத் தொட்ட கடைக்காரர். பண்டிகைக்கு வருவார், அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். அப்பா எலியேசருக்கு அவளைத் தவிர வேறு பிள்ளை இல்லை. பெரிய இடம் என்று அவர் மயங்கிக் கிடந்தார். தூத்துக்குடியில் கப்பலேறினால், இந்தத் தோட்டத்தையும் ஆற்றையும் இனி எந்த ஜென்மத்தில் பார்ப்பது? கடல் தாண்டாமல், இங்கேயே ஒரு நல்ல மனுஷன் கிடைக்க வேண்டும் என்றுதான் அவள் அந்தப் பிஞ்சைக் கீறினாள். அதைத்தான் இந்த மனுஷன் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறான்!

“விதையைத் திங்கல,” என்று உள்ளே ஓடி, சாம்பலில் புரட்டிக் காயவைத்திருந்த விதைகளைச் சுளகோடு எடுத்து வந்தான். “ஆடியில ஊனுதேன். தைக்குள்ள இதே மாதிரி காய் தாரேன். இது வாக்கு.”

சுளகைப் பார்த்தாள்... அவனைப் பார்த்தாள்... அடுப்பைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்தவள் வேலி முனையில் நின்று திரும்பினாள்.

“காணிக்கையத் தின்னதுதான் தின்னீரு... ஒரு துண்டு கருப்பட்டி போட்டு வச்சிருக்கக் கூடாதா?”

அவள் போன பிறகும் வெகுநேரம் அவன் அங்கேயே நின்றான். மழை வலுத்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஆடியில் விதை முளைத்தது. ஆட்டுக்குப் புல்லறுக்க ஆயிரம் இடம் இருந்தும், ஜெபகனியின் அரிவாளுக்கு அந்த வேலியோரத்துப் புல்தான் பிடித்தது.

“வாத்தியாரே, கொடி தரையில கெடக்கு. பைய தூக்கிக் கூரையில ஏத்தி விடும்.”

“ஏத்தலாம். ஒடிஞ்சிட்டா?”

“பாடம் படிக்காத பிள்ளையை அடிப்பீரு, கொடியைத் தொடப் பயமாக்கும்?”

“நான் பிள்ளைகளை அடிக்கமாட்டேன்.”

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். மறுநாள் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்து வேலியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்று மாலை அவன் வைத்த குழம்பு அவனுக்கே அமிர்தமாக இருந்தது.

ஐப்பசியில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரிந்தது. தூறல்... மண் வாசனை... கூரைமேல் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள். அவன் ஒரு கருவேல முள்ளை நீட்டினான்.

“நீயே கீறு. உன் வேண்டுதல்தானே.”

அவள் கீறினாள். கோடு கோணிப்போயிற்று.

“கோணிட்டுதோ?”

“கோணினா என்ன... வளந்தா சரியாப் போவும்.”

“நீங்க இதைப் பத்திரமாப் பாத்துக்கிடணும்,” என்றாள்.

‘நீரு’ எப்போது ‘நீங்க’ ஆயிற்று? அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. ராத்திரி முழுவதும் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு கிடந்தான்.

புல்லறுப்புச் சேதி எலியேசர் காதுக்கு எட்டாமலா இருக்கும்? மகளை வீட்டோடு நிறுத்தினார். விஷயம் தெரிந்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பாக்கியசீலன் அவர் வீட்டுக்குப் போனான்.

“அண்ணாச்சி...” என்று தொடங்குமுன், “காணிக்கையத் தின்ன வாய் இப்போ பொண்ணு கேட்டு வந்திருக்கோ?” என்றார் அவர். “செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமாவே உமக்கு?”

அவன் முகம் கறுத்தது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்துவிட்டான்.

கதவுக்குப் பின்னால் நின்ற ஜெபகனிக்குத் தாங்கவில்லை. ‘ஆமா, பொண்ணு கேட்டுத்தான் வந்தேன்’னு சொன்னா என்ன? ரோஷம் பெரிய ரோஷம்! கத்திரிப் பாத்திக்கு நடுவே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

தை பிறந்தும் தூறல் விடவில்லை. பண்டிகைக் காலையில் எலியேசர் வாழைத்தாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொழும்புக்காரர் கோயிலுக்கு வந்து காத்திருக்கிறாராம். ஜெபகனி புதுச்சேலையில், உயிரில்லாத பொம்மை மாதிரி நின்றாள்.

படல் திறந்தது. தலைச் சும்மாட்டின்மேல் இவ்வளவு பெரிய பூசணிக்காயோடு, நனைந்து நின்றான் பாக்கியசீலன்.

“சொன்ன வாக்கு அண்ணாச்சி. இறக்கி வச்சிட்டுப் போயிருதேன்.”

எலியேசர் தோட்டக்காரர். காயைக் கண்டதும் கை தன்னால் நீண்டது. தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். சிலுவை பருத்து வளர்ந்து, கோணல் மறைந்திருந்தது. “யாருவே தண்ணி ஊத்துனா?”

“நாந்தான். மழை விட்ட நாளெல்லாம் ஆத்துல இருந்து குடத்துல...”

அவர் காயைப் புரட்டினார். அடிப்பக்கத்தில், சிலுவையைவிடச் சின்னதாக, காயோடு வளர்ந்த நான்கு எழுத்து... ஜெபகனி.

“காணிக்கைக் காயில எம் மவ பேரு எதுக்குவே?”

“நேந்தவ பேரு இருக்கணும்லா...” என்றவன் நிறுத்தினான். மழைநீரோ வேர்வையோ, முகத்தை வழித்துக்கொண்டான். “இல்ல. பண்டிகை நாளும் அதுவுமாப் பொய் சொல்லமாட்டேன். நீங்க அன்னைக்குக் கேட்டீகளே, பொண்ணு கேட்டா வந்தேன்னு... அதுக்கு வரல. ஆனா கேக்கணும்னு நெஞ்சு முழுக்க இருந்துது. ரோஷத்துல வாய் வரல. வீட்டுக்குப் போனதும் முள்ளை எடுத்தேன். எனக்கு அவளை விட்டா வேற யாரும் வேண்டாம்.”

காயை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார் எலியேசர்.

மகள் பக்கம் திரும்பினார். “என்னத்துக்குட்டி நேந்த இதை?”

இத்தனை மாதம் பூட்டி வைத்தது... இனி எதற்கு?

“கப்பல் ஏறாம இருக்கணும்னுப்பா. இங்கனயே ஒரு நல்ல மனுஷன் கிடைக்கணும்னு நேந்தேன்.” தலையைக் குனிந்துகொண்டாள். “காயைத் தின்னவரேதான்... அந்த மனுஷன்.”

பாக்கியசீலன் வாயைத் திறந்தபடி நின்றான். அப்படியானால் ஆனி மாதத்தில் அவன் தின்றது...!

எலியேசர் கத்திரிப் பாத்தியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “உன்னையக் கப்பலேத்திட்டு,” என்றார், “இந்தத் தோட்டத்துல நான் யாரு முகத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன்? எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு.”

பூசணிக்காயைத் தூக்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நான் சுமக்குதேன்...”

“ஏலே!” எலியேசர் படலைத் தாண்டியபடியே சொன்னார், “இன்னொரு வாட்டி அண்ணாச்சின்னு கூப்பிட்டா முறை கெட்டுப் போவும். மாமான்னு கூப்பிடு. வாங்க, மணியடிக்கப் போறான். கொழும்புக்காரருக்கு நானே பதில் சொல்லிக்கிடுதேன்.”

ஜெபகனி நிமிர்ந்தாள். இமையிலே நீர்த்துளி... ஆனால் கண்ணிலே இப்போது நெருப்பு இல்லை.

“பெறகு...” என்றாள் அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “கருப்பட்டி தீந்து போச்சா?”