வாறன் என்று சொல்லிப் போனவள்

நிறோஷினி சொன்னது நான்கு சொற்கள். திரையில் ஐந்து இருந்தன.

"கோப்பன்ஹேகன் வந்து சேர்ந்திட்டன் அம்மா" என்றுதான் அவள் கைபேசியிடம் சொன்னாள். வரியின் கடைசியில் 'அக்கா' என்று ஒரு சொல் தானாக விழுந்திருந்தது. பெரிய தேவாலயத்தின் முன்னால் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. தமிழ் பேச அருகில் யாருமில்லை. அந்தச் சொல்லை அழித்துவிட்டு அனுப்பினாள்.

முல்லைத்தீவில் இருக்கும் அம்மாவுக்கு, போரில் செல் குண்டு விழுந்த நாளோடு காது போய்விட்டது. அதனால் எல்லாம் எழுத்தில்தான். குளிரில் விரல் விறைத்துவிடும் என்பதால் நிறோஷினி வாயால் சொல்வாள், கைபேசி எழுதும். எந்த ஊருக்குப் போனாலும் அம்மா கேட்பது ஒன்றுதான்.

'சனத்துக்க வடிவாப் பார் பிள்ளை. தங்கச்சி சுஜீதா அங்க எங்கையும் நிப்பாள்.'

'பாக்கிறன் அம்மா.' எத்தனையோ வருடமாக இதே பதில்.

விபோர்க் ஊரில் இருக்கும் அவளைக் கோப்பன்ஹேகனுக்கு வரவழைத்த சினேகிதி பிரியந்தி, அந்தத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் துப்புரவு வேலை செய்பவள். மஞ்சள் சுவர்களை நிறோஷினி அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு சிரித்தாள்.

"இதுகள் ஆதிகாலத்து வீடெண்டு நினைக்காத. இருநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலீஸ்காரன் கப்பலில வந்து குண்டடிச்சு எரிச்சவன். எல்லாம் பிறகு கட்டினது."

"அவன் இஞ்சையும் வந்தவனே?"

"பின்ன, எங்களுக்கு மட்டும்தான் வந்தவன் எண்டு நினைச்சியே? பெரிய ஆள்தான் நீ! மேல வீடுதான் புதுசு. கீழ கெல்லர், அந்த நிலவறை, அப்பிடியே பழசு. வா, என்ர கோட்டு வாளி எல்லாம் அங்கதான் கிடக்கு."

மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. நிலவறைக்கு இறங்கும் கற்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. சவர்க்கார மணத்துக்கும் ஈரத் துடைப்பங்களின் மணத்துக்கும் அடியில், சுவரே வியர்ப்பதுபோல, அப்போதுதான் வெட்டிய மண்ணின் மணம் ஒன்று இருந்தது. குழாய்களில் சுடுநீர் ஓடும் முனகலுக்கு நடுவே எங்கோ மணல் சொரியும் சத்தம், நின்று, மறுபடியும் சொரிந்து, யாரோ உள்ளேயிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளுவது போல.

"மேல குப்பைப் பையை மட்டும் கட்டவேணும், அஞ்சு நிமிசம். லைற் தானா நூரும். இருட்டெண்டு பயத்தில செத்துப்போகாத, பிறகு அதையும் நான்தான் கூட்டித் துடைக்கவேணும்."

பிரியந்தியின் காலடிகள் மேலே தேய்ந்து மறைந்தன. அம்மாவோடு கதைத்தால் பயம் குறையும் என்று நிறோஷினி கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, ஒரு பங்கருக்க நிக்கிறன்."

நிலவறை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது பங்கர், சண்டைக் காலத்துப் பதுங்குகுழி. அந்தச் சொல்லை அம்மாவுக்கு அவள் ஒருநாளும் எழுதியதில்லை.

மணல் சொரிவது நின்றது.

வரியை அழித்தாள். மேலே போய் நிற்கலாம். கைபேசியை அணைக்காமலே இறுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தபோது, எந்த வீட்டைவிட்டு வெளிக்கிட்டாலும் வாயில் வருவது, போறன் என்று சொல்லக்கூடாது என்று சின்னதிலேயே பழக்கிவிட்ட அந்தச் சொல், யாருமில்லாத அந்த அறையைப் பார்த்தும் வந்தது.

"சரி, வாறன்."

அவளுடைய சொல் திரையில் விழுந்தது. அதன் கீழே இன்னொரு வரி, எழுத்து எழுத்தாக.

'அப்பவும் அப்பிடித்தான் சொன்னனீ அக்கா.'

அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

அப்போது அவளுக்குப் பதினாலு வயது. தங்கை சுஜீதாவுக்கு ஒன்பது. அம்மா காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீர் கேட்டு அழுத தங்கையைப் பங்கருக்குள் இருத்தி, வாறன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். பின்னால் செல் விழுந்தது. திரும்பியபோது பங்கர் இல்லை, மணல்தான் இருந்தது. மணலுக்குள்ளிருந்து கூப்பிட்ட குரல் கேட்டது. கேட்டும், சனத்தோடு சனமாக ஓடினாள். அம்மாவிடம் சொன்னது வேறு. தெரிந்த குடும்பமொன்றோடு அனுப்பிவிட்டேன், எப்படியும் வெளிநாடு போயிருப்பாள்.

விளக்கு அணைந்தது.

ஓடலாம். படி அருகில்தான். ஆனால் ஒருதரம் ஓடியாயிற்று.

அவள் கைபேசியை வாயருகே பிடித்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு. இருட்டுக்குள் இருக்கும் இதற்கும்.

"அம்மா, சுஜீதா இல்லை. நான்தான் அவளை மண்ணுக்க விட்டிட்டு ஓடினனான்."

அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள்.

'அம்மா நான் சுஜீதா. மண்ணுக்க இருக்கிறன். அக்கா வந்திட்டா.'

அழிக்க விரல் போவதற்குள் அம்மா வாசித்துவிட்டாள். பதில் துண்டு துண்டாக வந்தது.

'என்ர குஞ்சு'

'என்ர ராசாத்தி'

'எனக்குத் தெரியும் அவள் உன்னைக் கண்டுபிடிப்பாள் எண்டு'

மணல் சொரிந்தது. கிட்ட. இன்னும் கிட்ட.

"நிறோ! முடிஞ்சுது, ஏறி வாடி!" மேலேயிருந்து பிரியந்தி.

திரையில் அம்மாவின் கடைசி வரி.

'இனி அக்காவை விடாத. கையை இறுக்கிப் பிடி.'

தொங்கிக்கிடந்த அவளது இடக்கையின் விரல்களுக்கு இடையே, ஒவ்வொன்றாக, சின்ன விரல்கள் நுழைந்தன. ஈரம். மண். நகங்களுக்குள் மணல்.

அம்மா சொன்னபடி, இறுக்கிப் பிடித்தன.