மருமகனை மறக்கும் நேரம்

காலை பத்து மணி அடித்ததும் நீதிபதி திருமேனிநாதன் தன் மருமகனை மறந்தார்.

நிலாக் குடியிருப்பில் இது அன்றாடம் நடப்பதுதான். விசாரணைக் கமிஷன் தலைவராக உட்காருபவர் காதுக்குப் பின்னால் உறவுமறைப்பான் பதித்தாக வேண்டும். வழக்கில் மாட்டிய சொந்தக்காரர், பத்திலிருந்து ஐந்து வரை அவருக்கு முன்பின் தெரியாத ஆள். சாயங்காலம் சொந்தம் திரும்பிவிடும். நலன்முரண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாட்சிகளுக்கு வாய்ப்பூட்டு. தொண்டையில் ஒட்டிய சின்ன வில்லை. கமிஷன் ஆட்களின் உறவைப் பற்றிப் பேச வாயெடுத்தால் நாக்கு எழும்பாது.

அந்த வில்லையோடு ராக்காயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் சுரங்கத்தில் துளைபோடுகிறவள். அங்கே கூரை இறங்கி நாலு பேர் நசுங்கிப் போனார்கள். கூரையைத் தாங்கும் முட்டுத்தூணைத் தட்டினால் உள்ளே பொள்ளல் என்று கேட்கும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். பத்தாம் சுரங்கத்திலும் அதே மாதிரித் தூண்தான். இந்நேரம் அந்தக் கூரைக்கடியில் நிற்பவன் அவள் தம்பி சோணை. கமிஷன் சொன்னாலொழிய அந்தச் சுரங்கத்தை மூடமாட்டார்கள்.

முதலில் தூண் கான்ட்ராக்டர் இளம்பரிதியைக் கூப்பிட்டார்கள். படிய வாரிய தலை, நெற்றியில் பட்டை. வந்ததும் கும்பிட்டான்.

"உட்காருங்க தம்பி. பூமியில எந்தப் பக்கம்?"

"சிவகங்கைப் பக்கம்ங்க ஐயா."

"அட, நம்ம பக்கம்! கல்யாணம் ஆச்சா?"

"பெரியவங்க பாத்து முடிச்சு வைக்கணும்ங்க," என்றான் இளம்பரிதி, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஏன் இன்னும் மாப்பிள்ளை பாக்காம விட்டேன்னே தெரியல."

ராக்காயி எழுந்துவிட்டாள். "ஐயா, அவரு உங்க..." மேற்கொண்டு இருமல்தான் வந்தது.

"அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்க," என்றார் நீதிபதி. பிறகு சற்று நேரம் யோசித்து நிமிர்ந்தார். "இவரை மாப்பிள்ளையாக்க என் மனம் விரும்பிவிட்டது. இனி இவரை நான் விசாரிப்பது முறையல்ல. அமர்வை ஒத்திவைக்கிறேன்."

விதிப்படி, கறைபட்ட அமர்வை அவர் நினைவிலிருந்து அழித்தார்கள். நாளைக்கு மறுபடி முதலிலிருந்து.

வராந்தாவில் டவாலி மாசிலாமணி அவள் வில்லையை உரித்தெடுத்தார்.

"இன்னைக்கும் போச்சாண்ணே?"

"நேர்மையான மனுசன்மா. தினம் விசாரணை இந்த இடத்துலதான் நிக்குது. கமிஷனுக்கு ஆறு மாசம் நீட்டிப்பு வேற வாங்கியாச்சு."

ராக்காயி தொண்டையைத் தடவிக்கொண்டாள். "நாளைக்கு அந்தாளுக்கு முன்னாடி எங்களைக் கூப்புடுண்ணே. எந்தம்பிய கூட்டியாரேன். அவனும் சிவகங்கைப் பக்கந்தான், இன்னும் கட்டல. தலை சீவி, பட்டை அடிச்சு நிப்பாட்டுறேன்."

"அவன் எதுக்கு?"

"ஐயாவுக்குப் புடிச்சுப்போச்சுன்னா, ஒத்திவைக்குமுன்ன அவன் தலைக்கு மேல கூரையத் தாங்குற தூணை ஒருவாட்டி தட்டிப் பாக்கச் சொல்ல மாட்டாரா?"

மாசிலாமணி சிரித்துவிட்டார். "சரி, வருவானா?"

"ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தா வருவான்."