இருபத்து மூன்றாவது தடம்

அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டினேன். மதியம் மூன்று மணி, தெருவில் யாரும் இல்லை.

திறந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கைகளைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்காரர் நீங்கதானா? கை கழுவிட்டு வாங்க தம்பி. அப்புறம் அதைத் தொடலாம்."

கழுவினேன். சோப்பு போடச் சொன்னார். போட்டேன்.

பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்போய் எடுத்து, சரிசெய்து, அவற்றைக் காப்பாற்றி வைக்கக்கூடியவர்களிடம் சேர்ப்பது என் வேலை. முப்பது வருடத்துக்கு முந்தைய இயந்திரங்கள். பெரும்பாலும் பரணிலோ படிக்கட்டின் அடியிலோ கிடக்கும். இது மேசை மேல் இருந்தது. தைத்த துணி உறை போட்டிருந்தது. எதிரே நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் சற்றுத் திரும்பியிருந்தது.

அறையில் ஸ்பிரிட் வாடை. அதற்கு அடியில் இனிப்பான, ஈரமான வேறொரு வாடை. துணி உறையை எடுத்தபோது அது அதிகமானது.

"என் தம்பியோடது," என்றார். "தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரலை எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சாங்க. மூச்சு அது வழியாத்தான். பேச்சு இது வழியா. அவன் தட்டுவான், நான் இங்க நின்னு படிப்பேன்."

கீபோர்டைப் பார்த்தேன். எழுத்து விசைகள் எல்லாம் ஓரளவு தேய்ந்திருந்தன. கேள்விக்குறி விசையில் மட்டும் அச்சே இல்லை. வழவழப்பாகக் குழிந்திருந்தது.

"கோபம் வந்தா கேள்விக்குறியை மட்டும் தட்டுவான். நான் பதில் சொல்ற வரைக்கும் விடமாட்டான். சமையல்கட்டுல இருந்தாலும் டக்கு டக்குன்னு கேக்கும். வாயில்லாம வாயாடுனவன் அவன் ஒருத்தன்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். இரண்டாவது ஆபரேஷனுக்குத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. "எப்படியோ போ" என்று சொல்லிவிட்டு இவர் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார். நான்காம் நாள் தம்பி இறந்துவிட்டான்.

"போன் பண்ணிப் பேச அவனால முடியாதே தம்பி. சொல்ல வேண்டியதை இதுலதான் வச்சிருப்பான். கம்ப்யூட்டரை நீங்க எடுத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஃபிளாப்பியில இருக்கறதை மட்டும் படிக்கற மாதிரி எடுத்துக் குடுங்க."

பத்து ஃபிளாப்பிகள், அந்தக் காலத்தில் எழுதியதைச் சேமித்து வைக்கும் சதுரத் தட்டுகள், ஒரு டப்பாவில் இருந்தன. பதினோராவது, அதைப் படிக்கும் டிரைவுக்குள்ளேயே சிக்கியிருந்தது. கடைசியாக அவன் போட்டது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் ஃபிளாப்பி எதுவானாலும், மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பூட்டை முதலில் தள்ளிவிடுவேன். பிறகு அதில் யாராலும் எழுதவோ அழிக்கவோ முடியாது. பத்துக்கும் அன்று மாலையே தள்ளினேன். உள்ளே சிக்கியிருந்ததைத் தள்ள முடியவில்லை. எடுத்த பிறகு தள்ளலாம் என்று விட்டேன்.

மூன்று நாள் கழித்து இடுக்கியால் அதை எடுத்தேன். மேசையில் வைத்தேன். டிரைவைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, மூடினேன். அப்போது பல் டாக்டர் கடைக்குள் வந்தார்.

பல் டாக்டர் என் நல்ல வாடிக்கையாளர். அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள்தான். இந்த இயந்திரத்தின் மேல் அவருக்கு ஒரு வருட ஆசை.

"டிரைவ் ஓடுமாய்யா? இல்ல, பொம்மை மாதிரி வச்சுக்கணுமா?"

"புதுசு மாதிரி ஓடும். பாருங்க."

சரிசெய்த டிரைவைச் சோதிக்க ஒரே வழி, ஒரு ஃபிளாப்பியை ஃபார்மட் செய்வது. ஃபிளாப்பியில் எண்பது வட்டத் தடங்கள். டிரைவின் தலை ஒவ்வொன்றாக நகர்ந்து, பழையதை அழித்துப் புதிதாகக் கோடு போடும். தடத்துக்கு ஒரு டக். திரையில் எண் ஓடும். இதற்கென்றே ஒரு ஃபிளாப்பி வைத்திருக்கிறேன். அதில் சிவப்பு மையால் ஒரு புள்ளி.

டாக்டரிடம் பேசிக்கொண்டே மேசையிலிருந்து எடுத்துப் போட்டேன்.

டக். டக். டக்.

"கேளுங்க டாக்டர், என்ன சுத்தமான சத்தம்."

முழங்கையை மேசையில் ஊன்றினேன். அடியில் ஏதோ அழுத்தியது. குனிந்து பார்த்தேன்.

சிவப்புப் புள்ளி.

திரையில் எண் 23.

டிரைவின் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அருகே இருந்தது. அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஐம்பத்தேழு தடங்கள் மிச்சம் இருந்தன. வரிகள் அறுந்து கிடந்தாலும் அதிலிருந்து எவ்வளவோ மீட்டிருக்கலாம். அதைச் செய்யத் தெரிந்தவன் நான்.

"என்னய்யா, முகம் மாறுது? ஏதாவது கோளாறா?"

டாக்டரின் கை என் தோளில் இருந்தது.

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றேன். "அருமையா போகுது."

எண்பது வரை போகவிட்டேன்.

பத்து ஃபிளாப்பிகளில் இருந்ததை அச்செடுத்து நர்ஸிடம் கொண்டுபோனேன். நானூறு பக்கம். சண்டைகள், மருந்துப் பட்டியல்கள், பக்கத்து வீட்டுக்காரர் பற்றிய கேலி. அவர் ஒரு பக்கத்தைப் படித்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"உள்ள இருந்ததே ஒண்ணு?"

பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். ஆனால் அவர் நர்ஸ். பூஞ்சையைக் காட்டுங்க என்பார்.

"அது காலி அக்கா."

"காலியா?"

"ஒண்ணுமே எழுதலை."

அவர் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார்.

"சரி தம்பி. அவனுக்கு என்கிட்ட சொல்ல ஒண்ணுமில்ல போல."

வெளியே வந்தேன். என் வண்டிச் சாவியை அங்கேயே மறந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்க முடியவில்லை. நடந்தே கடைக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, கம்ப்யூட்டரை வாங்கிப்போன டாக்டர் கூப்பிட்டார்.

"ஒரு தடவை வந்துட்டுப் போய்யா. என் டிரில்லுக்குப் பயப்படாத பேஷண்டெல்லாம் உன் பெட்டிக்குப் பயந்து ஓடுறாங்க."

"என்ன பண்ணுது?"

"அதுவா ஓடுது. அதை விடு. அதுவா நிக்குது. நிக்கறப்பதான் ஒரு மாதிரி இருக்கு."

காலை பதினோரு மணிக்குப் போனேன். டாக்டர் உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். காத்திருப்பு அறையில் ஆறு நாற்காலிகள். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி, எதிர்ச்சுவரோரம் போடப்பட்டிருந்தன. ஜன்னல் வழியே நல்ல வெயில்.

பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவில் ஃபிளாப்பி இல்லை. ஒரு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

ஸ்பிரிட் வாடை. கிளினிக்தானே என்று நினைத்தேன். பிறகு அதற்கு அடியில் இருந்த மற்றது வந்தது. இனிப்பு. ஈரம்.

டக்.

மடியில் இருந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தேன்.

டக். டக். டக்.

நான் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

நின்றது.

உள்ளே டாக்டரின் கருவிச் சத்தமும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது.

மூச்சு கேட்டது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ விடுகிற மூச்சு இல்லை. மெல்லிய சீழ்க்கை, அதில் தண்ணீர் கலந்தது போல. என் பின்னால், உட்கார்ந்திருக்கும் என் தலைக்குச் சற்று மேலே. ஒருவர் நின்றால் அவர் கழுத்து இருக்கும் உயரம்.

பிடரி நனைந்தது.

திரும்பவில்லை. கீபோர்டையே பார்த்தேன். கேள்விக்குறிக்கு இரண்டு விரல் வேண்டும். ஷிஃப்ட் விசை இறங்கியது. பிறகு அந்த வழவழப்பான விசை. இரண்டும் எழுந்தன. மீண்டும் இறங்கின.

திரையில் ஒன்றும் வரவில்லை. கறுப்பு. அதில் என் முகம்.

என் முகத்தின் மேல் வேறொரு நிழலும் இல்லை.

விசைகள் வேகமாக இறங்கத் தொடங்கின. நான் எழுந்து ஓடினேன். ஒயர் காலில் சுற்றி, அடுத்து வந்த நோயாளியின் மேல் விழுந்தேன்.

"அவ்வளவு வலிக்குமா?" என்று கேட்டார் அவர்.

டாக்டர் அதைத் திருப்பி அனுப்பினார். நான் விசிறியை மாற்றினேன். கீபோர்டை மாற்றினேன். டிரைவையே மாற்றினேன். வெளியூரில் ஒரு சேகரிப்பாளரிடம் தள்ளிவிட்டேன். இருபது நாளில் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: 'காரணம் எழுத வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து வைத்துக்கொள்ளவும்.' நான் மாற்றிப் போட்ட புது கீபோர்டில் ஒரே ஒரு விசை அச்சழிந்து குழிந்திருந்தது.

அன்று மதியமே அதைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் வீட்டுக்குப் போனேன். அவர் சொல்லாமலே கை கழுவினேன்.

அதே மேசையில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். ஃபிளாப்பி காலியாக இருக்கவில்லை, நான்தான் அழித்தேன், தவறுதலாக, பொய் சொன்னேன். என் வண்டிச் சாவி டீப்பாயின் மேல் ஒரு துணியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"தப்பான ஃபிளாப்பின்னு எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

தம்பி என்று கூப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தேன். வாசல்வரை அதுதான் எண்ணம். ஆனால் அவர் என்னைப் பார்த்தார். நான் பாதி நல்லவனாகவாவது அங்கிருந்து போக நினைத்தேன்.

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அக்கா."

டக்.

அவர் இயந்திரத்தைப் பார்த்தார். ஒயர் தரையில் கிடந்தது.

டக். டக். டக்.

அவர் பயப்படவில்லை. கடிகாரத்தைத் திருப்பினார். இரண்டு விரலை மேசையின் மேல் வைத்தார், நாடி பார்ப்பது போல. உதடுகள் அசைந்தன.

நின்றது.

"இருபத்து மூணு," என்றார்.

அந்த மூச்சு வந்தது. சீழ்க்கை. ஈரம். நாற்காலி இருந்த இடத்திலிருந்து.

நர்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் குரல் தணிந்தது.

"குழாய்ல சளி கட்டியிருக்கு. சுத்தம் பண்ணி எத்தனை நாளாச்சோ."

ஷிஃப்ட் இறங்கியது. கேள்விக்குறி இறங்கியது. ஒரு தடவை. இரண்டு. மூன்று. பிறகு எண்ண முடியாத வேகத்தில்.

"என்கிட்ட இல்ல," என்றார் நர்ஸ். "உங்ககிட்டதான் கேக்கறான். பதில் சொல்லுங்க."

இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன்.

"இருபத்து மூணுல தெரிஞ்சுது," என்றேன். "நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. டாக்டர் பார்த்துட்டு இருந்தார்."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

விசைகள் நின்றன. டிரைவ் மெதுவாக மறுபடி நகர்ந்தது. எண்பது வரை. நாங்கள் இருவரும் நின்று கேட்டோம். ஒன்றரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

"இதை இங்கேயே வச்சுட்டுப் போங்க," என்றார். சாவியை நீட்டினார். என் விரல் படாமல் கொடுத்தார்.

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, இன்னொரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், ரகசியம் போல.

"அன்னிக்கு என்னடா சொல்ல வந்த?"

காத்திருந்தார். நானும் வாசலில் காத்திருந்தேன்.

ஒரு விசையும் இறங்கவில்லை.

அழித்தது அழிந்ததுதான். அவனிடமும் அது இல்லை.

அதன் பிறகு நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. வேலையைத் தொடர்கிறேன். நேற்று ஒரு கல்லூரிக்காக ஒரு டிரைவைச் சரிசெய்தேன். வேறு இயந்திரம், வேறு வீட்டிலிருந்து வந்தது. வாங்க வந்த மூன்று பேர் சுற்றி நின்றார்கள். சிவப்புப் புள்ளியை இரண்டு முறை பார்த்துவிட்டு ஃபிளாப்பியைப் போட்டேன். திரையில் எண் ஓடியது.

இருபத்து மூன்றில் நின்றது.

ஸ்பிரிட் வாடை வந்தது. அவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. மேசை ஓரத்தில், எதனுடனும் இணைக்காமல் சாய்த்து வைத்திருந்த கீபோர்டில் இரண்டு விசைகள் இறங்கின.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார் அவர்களில் ஒருவர். "ஏதாவது கோளாறா?"

பிடரியில் அந்த ஈர மூச்சு. அவசரமே இல்லை அதற்கு.

"ஆமா," என்றேன், மூன்று பேருக்கும் கேட்கும்படி. "என்கிட்டதான்."

டக்.

இருபத்து நான்கு.