கடல் தோண்டிய சமையலறை

முதலில் தெரிந்தது ஒரு கை.

கை என்றால்... வெறும் எலும்பு.

சமையலறைத் தரையில் பாதி கடலுக்குள் சரிந்து கிடந்தது. மிச்சமிருந்த சிமென்ட் தளத்துக்கு அடியிலிருந்து விரல்களை விரித்தபடி அது நீட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தவள் அந்த வீட்டு மகள். நகரத்தில் பல் டாக்டர். அடித்த புயலில் அம்மா என்ன ஆனாளோ என்று விடிந்ததும் காரை விரட்டிக்கொண்டு வந்தவள்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னறையில், நனைந்த உடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"போலீசுக்குச் சொல்லாதே" என்றாள்.

அவ்வளவுதான். என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை. அதுதான் மகளை உறுத்தியது.

அவள் போலீசுக்குச் சொன்னாள்.

*

அந்த வீட்டுக்கு 'கடைசி வீடு' என்று பேர்.

கட்டியபோது அது கடைசி வீடு இல்லை. துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டி அழைத்துவந்த ஒரு மாலுமி, ஓய்வுபெற்ற பின் ஆசையாய்க் கட்டியது. தடித்த சுவர், சிவப்பு ஓடு, மாடியில் ஓர் அறை, அதற்கு ஏற மரப்படி. அப்போது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தோப்பு, ஒரு ரோடு, இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. மாலுமிக்குப் பிறகு ஒரு டாக்டர் வாங்கி, நெஞ்சுச் சளி நோயாளிகளைக் கடல் காற்றுக்காகத் தங்கவைத்தார். பாதிப் பேர் குணமானார்கள். மீதிப் பேரைப் பற்றி ஊர் பேசாது.

அதன்பின் வாங்கியவர்தான் மகளின் அப்பா. மீன்பிடிப் படகுகளின் முதலாளி. கல்யாணமான கையோடு வாங்கினார்.

கடல் தோப்பைத் தின்றது. ரோட்டைத் தின்றது. வரிசை வரிசையாய் வீடுகளைத் தின்றது. ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். நகராட்சிக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். மகள் காலில் விழாத குறை. அம்மா அசையவில்லை. புருஷன் நினைவு, அதான் விட மனசில்லை என்று ஊர் உச்சுக்கொட்டியது.

புருஷன் கடலில் போனவர். மகள் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது தனியாகப் படகெடுத்துப் போனார். படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

ஊர் அப்படித்தான் நம்பியது. இன்று காலை வரை!

*

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நாற்பது வயது. குரலை உயர்த்தும் பழக்கம் கிடையாது. ஆட்களை வைத்துத் தளத்தைப் பெயர்க்கச் சொன்னாள். எலும்புக்கூடு முழுசாய் வெளியே வந்தது. போலீஸ் டாக்டர் குனிந்தார்.

மகளும் குனிந்தாள்.

கீழ்த்தாடை. முன்பற்கள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று கோணலாய் ஏறி நின்றன. அவள் நாக்கு தானாகத் தன் கீழ்ப்பற்களைத் தடவிப் பார்த்தது.

அதே கோணல்.

"அப்பா..." என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. சித்தப்பா. அப்பாவின் தம்பி. இப்போது படகுகள் எல்லாம் அவர் கையில். அவளைப் படிக்கவைத்தவர், கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவர். வந்ததும் வராததுமாய் இன்ஸ்பெக்டரை ஓரம் கட்டினார். பழைய வீடு, நோயாளிகள் செத்த இடம், எந்தக் காலத்துப் பிணமோ, பேசாமல் அடக்கம் பண்ணிவிடலாம் என்றார். மகள் பல் விஷயத்தைச் சொன்னதும் அவர் பேச்சு பாதியில் நின்றது.

முன்னறையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள்.

"நான்தான் கொன்னேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"குடிச்சுட்டு வந்து தினம் அடிப்பாரு. அன்னைக்குப் பொறுக்க முடியல. இரும்புக் கம்பியால மண்டையில போட்டேன். தரையைத் தோண்டிப் போட்டிருந்தோம், புதுசா சிமென்ட் பூச. அதுலயே புதைச்சேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் போலீஸ் டாக்டரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். மண்டை ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாவை உட்காரவைத்து, ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

"பொய் சொல்லிப் பழக்கமில்லாதவங்க நீங்க. யாரைக் காப்பாத்தறீங்க?"

அம்மாவின் கண் ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... மகள் பக்கம் போய்த் திரும்பியது.

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். மகளுக்கும் அது போதும்.

"நானா?" என்றாள் மகள்.

அதற்குமேல் அம்மாவால் கட்டிக்காக்க முடியவில்லை. அழாமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அன்று சாயங்காலம் மாடிப்படி உச்சியில் அவளைக் கழுத்தைப் பிடித்து அழுத்தியிருக்கிறார் புருஷன். மூச்சு முட்டியிருக்கிறது. குழந்தை ஓடிவந்து, அம்மாவை விடு என்று அப்பாவின் காலைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். கால் தடுமாறிப் படிகளில் உருண்டு கீழே போய் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பின்கட்டில் இருந்த கொழுந்தன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். நாடி பிடித்துப் பார்த்தார். அண்ணன் போயிட்டான் என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் சிநேகிதி வீட்டுக்குப் போங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் திரும்பி வந்தபோது சமையலறையில் புதுத்தரை. கரையில் கவிழ்ந்த படகு.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, எழுந்தபோது எதுவும் ஞாபகமில்லை. அம்மா அதை அப்படியே விட்டுவிட்டாள். அந்த எலும்புக்குக் காவலாய் அந்த வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா கண்ணைத் துடைத்தார். சின்னப் பெண்ணின் வாழ்க்கை வீணாகக் கூடாது என்றுதான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் செய்ததாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, எலும்புகளில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த போலீஸ் டாக்டரிடம் போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பினாள். அம்மாவிடம் நீட்டினாள்.

உள்ளே பச்சை நைலான் கயிறு. படகில் கட்டுகிற கயிறு. சதை மக்கிவிட்டது, துணி மக்கிவிட்டது. நைலான் மக்கவில்லை.

"கழுத்தெலும்புல மூணு சுத்து சுத்தியிருந்தது" என்றாள். "இது யார் பண்ணினது?"

அம்மா விழித்தாள்.

"கயிறா? கயிறு ஏது? அவர் விழுந்துதானே..."

மெதுவாய், மிக மெதுவாய், கொழுந்தன் பக்கம் திரும்பினாள். மகளும் திரும்பினாள்.

சித்தப்பாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"தூக்கறதுக்கு... இழுத்துட்டுப் போறதுக்குக் கட்டினேன்."

"கழுத்துலயா கட்டுவாங்க? இடுப்பு என்ன ஆச்சு?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். ஒரு பக்கம் போலீஸ். இன்னொரு பக்கம் கடல். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நாடி இருந்துச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "இல்லன்னு சொல்லிட்டேன். அண்ணி போனதும் கண்ணைத் திறந்து தண்ணி கேட்டான். சொம்பை எடுத்துட்டேன்... அப்புறம்தான் தோணிச்சு. இவன் எழுந்துட்டா நாளைக்கும் இவன்தான் முதலாளி, நான்தான் எடுபிடி."

அலை வந்து மிச்சத் தரையில் அறைந்தது.

மகள் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மடியில் தலையைச் சாய்த்தாள். அம்மாவின் கை அந்தத் தலையைத் தடவியது. அப்போதுதான் அம்மா அழுதாள்... இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. தள்ளினது நீ, ஆனா கொன்னது நீ இல்லடி, நீ இல்லடி என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

ஏட்டு விலங்கை மாட்டினார். ஜீப்பில் ஏறப்போன சித்தப்பா தயங்கினார்.

"மேடம்... பிரஷர் மாத்திரை வீட்ல இருக்கு. ஒரு எட்டு போய் எடுத்துக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துவிட்டாள்.

"எதுக்குங்க மாத்திரை? நீங்க போற இடத்துல கதவைப் பூட்டறதுக்குக்கூட நாங்கதான் ஆள் போடறோம். உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல, பிரஷர் தானா இறங்கிடும்!"